வண்டி நின்றதா, சிக்னல் நின்றதா?

கேள்வி: எனக்கு வயது 26. காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். மண்டிக்காரர் ஒருவரிடம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். சீசனில் மாங்காய், மற்ற மாதங்களில் கிடைக்கிற லோடு. இந்த சீசனில் சந்தூர் தாண்டி ஒரு கொட்டாயில் (தோட்டத்து வீட்டில்) மாங்காய் ஏற்ற இரவு 11 மணிக்குப் போனேன். போன் காட்டிய வழியில் போய் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டேன். டிராக்டர் வைத்து இழுக்க 1,500 ரூபாய் ஆனது. ஓனர் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு மாட்டுத் தீவனம் ஏற்றிப் போனேன். எங்கேயும் நிறுத்தவில்லை. ஆனால் காட்டுக்குள் 45 நிமிடம் வண்டி நின்றதாக ஜிபிஎஸ் காட்டுகிறது என்று ஓனர் சத்தம் போட்டார். "டீசல் வித்தியா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். இப்போது என் சொந்த போனிலும் லைவ் லொகேஷன் போட்டு வை என்கிறார். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "வாயைத் திறந்து நாலு பேரைக் கேட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்கிறார். கூகுள் மேப்பையே விட்டுவிடலாமா? ஓனரிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஏரிக்கரையைவிட என்னை உறுத்தியது அந்த டீசல் கேள்விதான். ஏரியில் மாட்டியது 1,500 ரூபாயோடு போய்விடும். டீசல் திருடினான் என்ற பேச்சு மண்டி மண்டியாகச் சுற்றும். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

கிருஷ்ணகிரியில் லாரி, வேன், பள்ளிப் பேருந்து என்று வண்டிகளுக்கு ஜிபிஎஸ் பெட்டி மாட்டுவதும், மாட்டியதைப் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஓனர்கள் எனக்குப் போன் செய்தாலே பாதி நேரம் உங்கள் ஓனர் கேட்ட அதே கேள்விதான்: "வண்டி ஏங்க அங்க நின்னுச்சு?" பல தடவை நான் சொல்கிற பதில்: "வண்டி நிக்கலைங்க, சிக்னல்தான் நின்னுச்சு."

உங்கள் வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி இருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது. வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களைக் கேட்டு வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்ததை உள்ளே இருக்கும் சிம் வழியாக ஓனருக்கு அனுப்புவது இன்னொன்று. முதல் வேலைக்கு டவர் தேவையே இல்லை, வானம் தெரிந்தால் போதும். இரண்டாவதற்குத்தான் டவர் வேண்டும். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி, அங்கிருந்து ஒகேனக்கல் என்று போகிற காட்டு ரோட்டில் முதல் வேலை ஒழுங்காக நடக்கும், இரண்டாவது படுத்துவிடும். ஓனரின் போனில் வண்டிப் படம் கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்திலேயே நிற்கும். அவர் அதைப் பார்த்து நீங்கள் காட்டுக்குள் கேனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

நல்ல பெட்டியாக இருந்தால் சிக்னல் இல்லாத நேரத்துப் புள்ளிகளை உள்ளுக்குள் சேர்த்து வைத்திருந்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். அப்படியானால் மறுநாள் பழைய ஓட்டத்தைத் திறந்து பார்த்தாலே வண்டி ஊர்ந்து போனது தெரிந்துவிடும். விலை குறைந்த சில பெட்டிகளில் இந்தச் சேமிப்பு இருக்காது. நுழைந்த இடத்துக்கும் வெளியே வந்த இடத்துக்கும் நடுவில் மலையைப் பிளந்துகொண்டு நேராக ஒரு கோடு போட்டுவிடும்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஓனரை உட்காரவைத்து இதை மட்டும் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் அந்த 45 நிமிடத்தைத் திறந்தால், உண்மையிலேயே நின்ற வண்டி என்றால் வேகம் பூஜ்யம் என்று வரிசையாகப் புள்ளிகள் வந்திருக்கும். சிக்னல் போன வண்டி என்றால், சேமிப்பு உள்ள பெட்டியில் ஓடிய வேகத்தோடு புள்ளிகள் இருக்கும்; சேமிப்பு இல்லாத பெட்டியில் புள்ளியே இருக்காது, நேரத்தில் ஓட்டை விழுந்திருக்கும். அப்புறம் ஓட்டைக்கு முன்னால் இருக்கும் புள்ளிக்கும் பின்னால் இருக்கும் புள்ளிக்கும் ரோட்டு வழியில் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். உதாரணத்துக்கு 22 கிலோமீட்டர் வந்தது என்று வையுங்கள். 45 நிமிடத்தில் 22 என்றால் மணிக்கு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வளைவும் ஏற்றமும் உள்ள காட்டு ரோட்டில் லோடோடு அந்த வேகம் போனவன் நடுவில் எங்கே நின்று டீசல் விற்றிருப்பான்? கணக்கே உங்களுக்காகப் பேசும், நீங்கள் சத்தியம் செய்ய வேண்டியதில்லை.

இதில் என் பாவம் ஒன்றும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாரிக்குப் பெட்டி மாட்டினேன். ராத்திரி நிறுத்தின வண்டி தினமும் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்பதாக ரிப்போர்ட் வந்தது. டிரைவர் டீசலை வீணாக்குகிறார் என்று ஓனரிடம் நானே எடுத்துச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வேறு வேலைக்காக டேஷைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் இணைக்க வேண்டியதை, எப்போதும் கரண்ட் இருக்கும் பேட்டரி வயரில் இணைத்திருக்கிறேன். பெட்டிக்கு வண்டி என்றைக்குமே ஆஃப் ஆகவில்லை. அந்த டிரைவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து பெட்டி மாட்டியதும் சாவியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, திரையில் மாறுகிறதா என்று மூன்று தடவை பார்க்காமல் நான் வண்டியை அனுப்புவதில்லை. உங்கள் வண்டியிலும் ஒரு முறை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

லைவ் லொகேஷன் விஷயம். வண்டி அவருடையது, அதில் பெட்டி மாட்டுவது அவர் உரிமை. போன் உங்களுடையது. நீங்கள் வீட்டுக்குப் போனதும், கல்யாணத்துக்குப் போனதும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முறைத்துக்கொண்டு மறுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளந்துதான் கொடுக்க முடியும். லோடு ஏற்றியதும் 8 மணி நேரம் போடுங்கள், இறக்கியதும் நிறுத்திவிடுங்கள். "டிரிப்ல இருக்கறப்ப பார்த்துக்கோங்கண்ணே" என்று சொல்லிச் செய்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பெட்டிக்கு டவர் இல்லாத இடத்தில் உங்கள் போனுக்கும் பெரும்பாலும் டவர் இருக்காது. அஞ்செட்டிக் காட்டில் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

சரி, ஏரிக்கரைக்கு வருவோம்.

செயற்கைக்கோள் உங்களை ஏமாற்றவில்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். வெட்டவெளியில் சாதாரண போனுக்கே ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் வரும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது, 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் இந்தத் தொழிலே வளர்ந்தது. இப்போது வருகிற போன்கள் ரஷ்யா, ஐரோப்பா, சீனாவின் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்கின்றன, சில போன்கள் நம் இஸ்ரோவின் நாவிக்கையும் கேட்கின்றன. ஆகவே நீங்கள் ஏரிக்கரைமேல் நின்றபோது, ஏரிக்கரைமேல்தான் நிற்கிறீர்கள் என்று போனுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் கரை உங்கள் வண்டியைத் தாங்குமா என்பதுதான் தெரியாது. இடம் தெரிவது வேறு, பாதை தெரிவது வேறு. முதலாவது வானத்திலிருந்து வருகிறது. இரண்டாவது மனிதர்கள் போட்டு வைத்த தகவல், அதில் பழசு இருக்கும், ஓட்டை இருக்கும்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் ராம்கங்கா ஆற்றில், பாதியோடு நின்ற பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். போன் காட்டிய வழியில் போனதாகத்தான் செய்தி வந்தது. உங்களுக்கு டிராக்டரோடு போனது.

எனக்கு உங்கள் போனில் இரண்டு இடத்தில் சந்தேகம். நீங்கள் வீட்டில் பைக் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மேப்பில் வாகனம் என்கிற இடத்தில் பைக் படம் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2017 கடைசியில் வந்த வசதி அது, கார் போக முடியாத குறுக்கு வழியையும் காட்டும், அதற்காகவே செய்தது. என் கடைக்கு வருகிற டிரைவர்களில் இதை மாற்ற மறந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் பால் ஊற்றப் பைக்கில் போய்விட்டு, ராத்திரி அதே போனை வண்டியில் மாட்டுவார்கள். பைக்குக்கு ஏரிக்கரை நல்ல வழிதான், அதில் போன் மேல் தப்பே கிடையாது.

இரண்டாவது, டோல் தவிர்க்கும் வசதி. ஓனர் சொல்லி நீங்கள் அதைப் போட்டிருக்கலாம். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தவிர்க்க ஒரு நாள் போட்டது, அப்படியே இருந்துவிடும். அதற்கப்புறம் டோலே இல்லாத ஊருக்குப் போனாலும் பரவாயில்லை. டோல் இருக்கிற பக்கம் போகும்போதுதான் தெரியும், நாற்பத்தி நாலாம் நம்பர் நெடுஞ்சாலையை விட்டு உங்களை ஊருக்குள் தள்ளி, சந்துக்குள் வளைத்து எடுக்கும். மிச்சமான டோல் காசைவிட டீசல் அதிகம் போயிருக்கும்.

பைக்கிலிருந்து காருக்கு மாற்றி வைத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். மேப்புக்கு உங்கள் வண்டி ஒரு கார். மாங்காய் கிரேட் அடுக்கி, தார்ப்பாய் கட்டி எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்று அதற்குச் சொல்ல வழியில்லை. ரயில்வே பாலத்துக்குக் கீழே நுழையும் முன் நீங்கள்தான் தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த ரோட்டில் கூட்டம், எது காலி என்பதை மேப் மற்றவர்களின் போனை வைத்துத்தான் சொல்கிறது. 2020-ல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைச் சிறிய கைவண்டியில் போட்டு, காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது. அதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கு அந்த ஏரிக்கரையில் உங்களைத் தவிர யார் போனோடு போயிருப்பார்கள்? மழை பெய்து கரை குழைந்திருக்கிறது என்று மேப்புக்கு யார் சொல்வது?

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல், கொட்டாய். வெளியூர்க்காரருக்கு இது புரியாது. ஊர் ஒரு இடத்தில் இருக்கும், நிலத்துக்காரர் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பார், அந்த நாலு வீட்டுக்கு யாரோ ஒரு தாத்தாவின் பெயரோடு கொட்டாய் என்று பெயர். ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துப் பஞ்சாயத்தில் இரண்டு கொட்டாய் இருக்கும். "அள்ளி" என்று பெயர் முடிகிற ஊர்களும் அப்படித்தான். பெயரைத் தட்டினால் மேப் ஏதோ ஒன்றுக்குக் கொண்டுபோகும். அதனால் பெயரைத் தட்டாதீர்கள், லொகேஷன் வாங்குங்கள். அதையும் முறையாக வாங்க வேண்டும். நிலத்துக்காரர் சந்தூர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "இப்போதைய இடம்" என்று அனுப்பினால் நீங்கள் டீக்கடைக்குத்தான் போவீர்கள். "அண்ணே, மாங்காய் அடுக்கி வெச்சிருக்கற இடத்துல, கொட்டாய்க்கு வெளியே வந்து நின்னு அனுப்புங்க" என்று சொல்லுங்கள். அனுப்பும் முன் எத்தனை மீட்டர் துல்லியம் என்று வாட்ஸ்அப்பே காட்டும். தகரக் கூரைக்குள்ளே நின்றால் பெரிய எண் வரும், வெளியே வந்து கொஞ்சம் பொறுத்தால் அது குறையும். பத்துக்குக் கீழே வந்ததும் அனுப்பச் சொல்லுங்கள்.

லொகேஷன் வந்ததும் அவரிடமே போன் போட்டுக் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "போன சீசன்ல லோடு வண்டி எந்த வழியா வந்துச்சு?" உங்கள் அப்பா சொல்வதும் இதுதான். மேப்பை விடச் சொல்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அவர் வாயைத் திறக்கத்தான் சொல்கிறார். தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்றில் அதியமான் பெருவழி, நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டியிருக்கிறது. அதோடு விடவில்லை, கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் போட்டிருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் தடவி எண்ணிக்கொள்வான். அதைச் செதுக்கியவன் அந்த வழியில் யார் யார் வருவார்கள் என்று யோசித்திருக்கிறான். இன்றைய மேப் உங்களைக் கார்க்காரர் என்று நினைத்துப் பேசுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மீதியை அந்தக் கொட்டாய்க்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது வேறு. தொப்பூர் கட்டமேட்டில் இறங்கும்போது எந்த கியர் என்று கேளுங்கள். மேப்பில் அது ஒரு நீலக் கோடு, ஆத்தூர் ரோடும் அதே நீலம். ஏறுகிற கியரிலேயே இறங்கு, நியூட்ரலில் விடாதே என்று எந்தப் போனும் சொல்லப் போவதில்லை. இரட்டைப் பாலம் வரும்போது பிரேக் சூடாகி என்ன வாசம் வரும் என்று முப்பது வருடம் ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

கைப்பழக்கமாகச் செய்ய வேண்டியவை கொஞ்சம். தேன்கனிக்கோட்டையில் நெட் இருக்கும்போதே அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம் வரை மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். டவர் போனாலும் நீலப் புள்ளி நகரும், பின்னால் படமும் இருக்கும். போனை முழுவதுமாக அணைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்த் திறக்காதீர்கள். நெட் இருந்தால் செயற்கைக்கோள் பட்டியலை நெட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு சட்டென்று இடத்தைப் பிடிக்கும், இல்லையென்றால் வானத்திலிருந்தே மெதுவாக வாங்க வேண்டும், நிமிடக் கணக்கில் தவிக்கும். மேம்பாலத்துக்கு மேலே போகிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டிலா என்று போனுக்குப் பல நேரம் தெரியாது. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் பாலம் வரும்போது போர்டைப் பாருங்கள், குரலைக் கேட்காதீர்கள்.

போனைக் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் ஒட்டி வைத்துச் சார்ஜும் போட்டால் மத்தியானம் 2 மணிக்கு அது திரையை மங்கலாக்கும், பிறகு படுத்துவிடும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் ஸ்டாண்டு மாட்டுங்கள். 2020 அக்டோபரிலிருந்து வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்த விதி இடம் கொடுக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு இடமில்லை. ஓனர் போன் போட்டாலும் ஓரம் கட்டிய பிறகே எடுங்கள். அந்த நிறுத்தமும் ரிப்போர்ட்டில் வரும், வரட்டும், அவர் போட்ட அழைப்பின் நேரமும் அவர் போனில் இருக்கும்.

இனி ஓனரிடம் பேச்சு. கோபமாக இருக்கும்போது போகாதீர்கள், மண்டியில் ஆள் கூடியிருக்கும்போதும் வேண்டாம். ஏலம் முடிந்து அவர் டீ குடிக்கும் நேரம் பாருங்கள். முதலில் அஞ்செட்டி ரிப்போர்ட். "அண்ணே, டீசல்னு சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று அந்த ஓட்டையையும் கிலோமீட்டர் கணக்கையும் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும் வரை 1,500 ரூபாய்ப் பேச்சை எடுக்காதீர்கள். ஒத்துக்கொண்ட பிறகு, "ஏரிக்கரைல மாட்டினது என் தப்பும் இருக்கு, பாதி என் கணக்குல வைங்க" என்று கேட்கலாம். முழுதும் உங்கள் தலையில் கட்டுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். ராத்திரி 11 மணிக்குத் தெரியாத கொட்டாய்க்கு அனுப்பியவர், வழி கேட்டுச் சொல்ல நிலத்துக்காரர் நம்பரையாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் வேலை போகிற அளவுக்கு அந்த 750 ரூபாய்க்காக இழுக்காதீர்கள். இனிமேல் ஒவ்வொரு லோடுக்கும் நிலத்துக்காரர் நம்பர் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தாலே அடுத்த டிராக்டர் செலவு மிச்சம். ரிப்போர்ட் எடுக்கத் தெரியாவிட்டால், பெட்டி மாட்டிய கடையில் கேட்டால் அந்தத் தேதிக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைசியாக, சந்தூர்ப் பக்கம் அடுத்த தடவை பகலில் போகும்போது அந்த ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மேப்பில் அந்தப் பாதையைத் தொட்டு, லோடு வண்டிக்கு ஆகாது என்று திருத்தம் அனுப்புங்கள், படமும் ஒன்று வையுங்கள். டிராக்டர் இழுத்த தடம் இன்னும் இருக்கும்.